39 டாலர் 60 சென்ட்

கணக்கு வழக்கில் ஆர்வமில்லாதவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விடலாம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பராமரிப்புக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூடினாலே பொதுக்குழுவில் எழுந்து நின்று விவரம் கேட்பவர்கள்தானே நாம் எல்லோரும்! அதனால் தைரியமாக ஒரு செலவுப் பட்டியலோடு ஆரம்பிக்கிறேன்.

ரொக்கச் செலவு 8 டாலர் 60 சென்ட். மேல் கோட்டு 15 டாலர். கைப்பெட்டி 7 டாலர் 50. தொப்பி 4 டாலர். சட்டை மூன்று, 4 டாலர் 50. ஆக மொத்தம் 39 டாலர் 60 சென்ட்.

கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். நான் இரண்டு முறை கூட்டிவிட்டேன். இது எந்த வங்கியின் வவுச்சரும் அல்ல. 1934-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தில், ஒரு பெண்ணின் தகப்பனாரிடம் ஓர் இளைஞன் நீட்டும் கணக்கு. படத்தின் பெயர் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'. காதல் நகைச்சுவைப் படங்களுக்கெல்லாம் தாத்தா என்று இதைச் சொல்வார்கள். காதலைச் சொல்ல ரோஜாப்பூ உண்டு, கடிதம் உண்டு, நம் ஊரில் டூயட் உண்டு. இந்தப் படத்தில் காதலை நிரூபிப்பது மேலே கண்ட பில். எப்படி என்று சொல்லத்தான் இந்த இதழில் எனக்குக் கொடுத்த பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

பேசும் படம் அப்போது ஏழு வயதுக் குழந்தை. 1927-இல் 'ஜாஸ் சிங்கர்' வந்தபோது சினிமா வாய் திறந்தது. திறந்த வாய் சில வருடங்கள் திணறியது. கேமரா ஓடும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அதை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்தார்கள். மைக்கைப் பூஜாடியில் ஒளித்து வைத்து, நடிகர்கள் அதன் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். நம் 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதன் பிறகும் பல வருடங்கள் நம்மிடம் புராணமும் பாட்டும்தான் நிறைய. 1934 வாக்கில் ஹாலிவுட்டில் கேமரா பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆணும் பெண்ணும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே பாய்ந்து, வீட்டில் பேசுவது போலவே சண்டை போட முடிந்தது. அந்தச் சுதந்திரத்தை முழுதாக அனுபவித்த படங்களில் இது ஒன்று.

ஆனால் படம் பிறந்த வீடு பெரிய வீடு இல்லை. கொலம்பியா நிறுவனம் அன்று சின்னக் கம்பெனி. அது இருந்த வட்டாரத்துக்கே சினிமாக்காரர்கள் 'ஏழைகள் வரிசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இயக்குநர் ஃபிராங்க் கேப்ரா, சிசிலியிலிருந்து சிறு பையனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையைப் புரட்டியதாகவும், அதில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய 'நைட் பஸ்' என்ற கதை கண்ணில் பட்டதாகவும் அவர் தம் சுயசரிதையில் சொல்கிறார். காஸ்மோபாலிட்டன் பத்திரிகையில் 1933-இல் வந்த கதை அது. திரைக்கதையும் வசனமும் ராபர்ட் ரிஸ்கின்.

நடிக்க ஆள் கிடைக்கவில்லை. ராபர்ட் மாண்ட்கோமெரி வேண்டாம் என்றார். மிர்னா லாய் வேண்டாம் என்றார். கடைசியில் எம்.ஜி.எம். நிறுவனத்திடமிருந்து கிளார்க் கேபிளைக் கடன் வாங்கினார்கள். ஆமாம், அன்று நடிகர்களை ஒரு ஸ்டூடியோ இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கடன் கொடுப்பது வழக்கம். வட்டி யாருக்குப் போகும் என்று கேட்காதீர்கள், நடிகருக்குப் போகாது. கதாநாயகி க்ளாடெட் கோல்பெர்ட்டுக்கும் இஷ்டமில்லை. 1927-இல் கேப்ரா இயக்கத்தில் அவர் நடித்த முதல் படம் படுதோல்வி. அந்தக் கசப்பு இருந்தது. வழக்கமான சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு, 50,000 டாலர் வேண்டும், நான்கே வாரத்தில் முடித்து என்னை விடுமுறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். கொலம்பியா ஒப்புக்கொண்டது. முடித்துவிட்டுக் கிளம்பியவர், இருப்பதிலேயே மோசமான ஒரு படத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னாராம்.

இனி கதை. எல்லி ஆண்ட்ரூஸ் பெரும் பணக்காரரின் ஒரே மகள். அப்பாவுக்குப் பிடிக்காத கிங் வெஸ்ட்லி என்ற ஆடம்பரப் பேர்வழியை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்பா அவளைப் பிடித்துத் தம் உல்லாசப் படகில் வைத்திருக்கிறார். அவள் மயாமிக் கடலில் குதித்து நீந்தித் தப்பி, நியூயார்க்குக்கு இரவு பஸ் ஏறுகிறாள். பக்கத்து ஸீட்டில் பீட்டர் வார்ன், வேலை போன பத்திரிகை நிருபர். அவள் யார் என்பது அவனுக்குத் தெரிந்துபோகிறது. அவளைப் பத்திரமாக வெஸ்ட்லியிடம் சேர்ப்பது அவன் வேலை, அந்தப் பயணக் கதையை அவன் பத்திரிகைக்கு எழுதிக்கொள்ள விடுவது அவள் வேலை. இதுதான் இருவருக்கும் ஒப்பந்தம். எல்லிக்கு உலகம் தெரியாது. வழியில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும் என்றால், தனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்து ஓட்டலுக்குப் போய்விட்டு வருகிறாள். பஸ் போய்விட்டது. கையில் இருக்கும் நாலைந்து டாலரில் ரயிலில் போகிற மாதிரி சாக்லேட் பெட்டி வாங்கப் பார்க்கிறாள். பீட்டர் விற்பவனை விரட்டிவிட்டு, இனிமேல் உனக்கு பட்ஜெட் என்கிறான். மீதிச் சில்லறையையும் வாங்கி வைத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் நான் கைதட்டினேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் எடுத்த 1933 சாதாரண வருஷம் இல்லை. அமெரிக்காவில் வேலைக்குப் போகக் கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. மார்ச் 4-ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். மார்ச் 6-ஆம் தேதி நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடச் சொல்லி உத்தரவிட்டார். ஒரு வாரம் கழித்து, பரிசோதித்துச் சரியாக இருந்தவற்றைப் படிப்படியாகத் திறந்தார்கள். கவுண்டரின் உள்பக்கத்தில் முப்பது வருடத்துக்கும் மேல் உட்கார்ந்தவன் நான். மூடிய ஷட்டருக்கு முன்னால் பாஸ்புத்தகத்தோடு நிற்கும் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். வங்கி திவாலானாலும் வைப்புத்தொகைக்குக் காப்பீடு என்ற ஏற்பாடு அந்தப் பட்டறிவில் பிறந்ததுதான். 1934 ஜனவரி முதல் தேதி அங்கே அது நடைமுறைக்கு வந்தது, ஒருவருக்கு 2,500 டாலர் வரை. நம் நாட்டில் இன்று 5 லட்சம் ரூபாய். காப்பீடு வந்து இரண்டாவது மாதம், பிப்ரவரி 22-ஆம் தேதி, படம் நியூயார்க்கில் வெளியானது.

இதெல்லாம் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது. இரவு பஸ்ஸில் பயணிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய சர்க்கஸ் பாட்டைப் பாடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சரணம். முன்பின் அறியாதவர்கள், கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் மாதிரி. டிரைவரும் உற்சாகத்தில் சேர்ந்து பாட, பஸ் சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. சிரித்துக்கொண்டிருக்கிறோம். அப்போது ஒரு சின்னப் பையனின் அழுகை கேட்கிறது. அவன் அம்மா மயங்கிக் கிடக்கிறாள். அடிபட்டு அல்ல, பசியால். நியூயார்க்கில் ஒரு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இருந்த பணத்தையெல்லாம் டிக்கெட்டுக்குப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். பீட்டர் ஒரு நோட்டை எடுக்கிறான். எல்லி அதைச் சட்டென்று அவன் கையிலிருந்து வாங்கிப் பையனிடம் நீட்டுகிறாள். பையன் தயங்குகிறான், உங்களுக்கு வேண்டியிருக்குமே என்கிறான். பீட்டர் தன்னிடம் லட்சக்கணக்கில் இருப்பதாக அளக்கிறான். பிறந்ததிலிருந்து விலை கேட்டே அறியாத பெண் அவள். ஒரு நோட்டின் கனம் அவளுக்குத் தெரியவந்தது அந்த இரவில்தான் என்று நான் நினைக்கிறேன். அன்றைய கொட்டகையில் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பையனை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அடையாளம் கண்டிருப்பார்கள்.

படத்தில் எல்லோரும் கொண்டாடுவது வேறு காட்சி. மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட, பஸ் பயணிகள் வழியோர விடுதியில் தங்க நேர்கிறது. பணம் போதாது. கணவன் மனைவி என்று எழுதி ஒரே அறை எடுக்கிறான் பீட்டர். இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுகிறான். இது எரிகோ நகரத்தின் மதில் என்கிறான். பைபிளில் எக்காளம் ஊத மதில் விழும். தன்னிடம் எக்காளம் இல்லை, பயப்படாதே என்று அர்த்தம். ஒரு கம்பளிதான், ஆனால் அதன் மேல் எழுதாத ஒரு சத்தியம் இருக்கிறது. மறுநாள் காலை துப்பறிவாளர்கள் வந்து கதவைத் தட்டும்போது, இருவரும் வருடக்கணக்கில் குடும்பம் நடத்திச் சலித்த தம்பதி போலச் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். வந்தவர்கள் அப்படியே பின்வாங்குகிறார்கள். நம் பிளாக்கில் அந்த மாதிரிச் சண்டையை நடிக்கத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார், பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த அறையில் கேபிள் சட்டையைக் கழற்றும்போது உள்ளே பனியன் இல்லை. இதனால் அமெரிக்கா முழுவதும் பனியன் விற்பனை படுத்துவிட்டது என்று தொண்ணூறு வருடமாக எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த மில்லின் விற்பனைக் கணக்கையும் யாரும் காட்டியதில்லை. வவுச்சர் இல்லாத செலவை நான் பாஸ் செய்வதில்லை.

சாலையில் கட்டைவிரலைக் காட்டி வண்டி நிறுத்தும் காட்சி இன்னொன்று. பீட்டர் மூன்று விதமாகக் கட்டைவிரல் காட்டிப் பாடம் நடத்துகிறான். ஒரு வண்டியும் நிற்கவில்லை. எல்லி போய்ப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்குகிறாள், முதல் வண்டியே கிறீச்சிட்டு நிற்கிறது. முதலில் கோல்பெர்ட் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். கேப்ரா வேறொரு பெண்ணை வரவழைத்ததும், அது என் கால் இல்லை என்று தானே வந்து நடித்தார் என்று சொல்வார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இந்தப் படத்தில் நான்கு தொகைகள் வருகின்றன. மகளைக் கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு 10,000 டாலர் என்று அப்பா பத்திரிகையில் அறிவிக்கிறார். பஸ்ஸில் வரும் ஓர் அரட்டைப் பேர்வழி அதைப் பார்த்துவிட்டு, பாதிப் பங்குக்குப் பீட்டரிடம் பேரம் பேசுகிறான். பீட்டர் தன்னைப் பெரிய ரவுடி போலக் காட்டி அவனை ஓடவிடுகிறான்.

இரண்டாவது தொகை 1,000 டாலர். கடைசி இரவில் எல்லி கம்பளியைத் தாண்டி வந்து அவனைக் காதலிப்பதாகச் சொல்கிறாள். அவன் உடனே பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டே தூங்கிவிடுகிறாள். ஆனால் அவனுக்கு அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. ஓட்டாண்டியாகப் போய்ப் பெண் கேட்க மனம் வரவில்லை. அவளை எழுப்பாமல் நியூயார்க்குக்கு வண்டியை விரட்டுகிறான். பெட்ரோலுக்குக் காசு இல்லை, பங்க்காரனிடம் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுக்கிறான். என்னிடம் தொப்பி இல்லையே என்பவனிடம், இனிமேல் உண்டு என்று சொல்லித் தலையில் வைத்துவிடுகிறான். பழைய ஆசிரியரிடம் தன் கதையை விற்று 1,000 டாலர் வாங்குகிறான். அதற்குள் விடுதிக்காரர்கள் எல்லியை எழுப்பி, உன் ஆள் ஓடிவிட்டான் என்று வெளியே அனுப்புகிறார்கள். அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்கிறாள். பணத்தோடு திரும்பி வரும் பீட்டர், எதிரே கார் வரிசையில் அவள் அப்பாவோடும் வெஸ்ட்லியோடும் போவதைப் பார்க்கிறான். நேராக ஆசிரியரிடம் போய் 1,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கிறான். கதை இல்லை என்றால் அதற்கு வாங்கிய பணமும் தன்னுடையது இல்லை. குடிக்கத்தான் போகிறான், இருந்தாலும் முதலில் வரவு நேராக வேண்டும்.

பிறகுதான் அந்தக் கடிதம். உங்கள் மகள் சம்பந்தமாக ஒரு பண விஷயம் பேச வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதுகிறான். அப்பாவும் மகளும் என்ன நினைப்பார்கள்? 10,000 டாலர் கேட்கிறான் என்றுதான். எல்லிக்கு அவன் மேல் இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விடுகிறது. இந்த இடத்தில் படம் சிரிப்புப் படமாக இல்லை, வலிக்கிறது. வெஸ்ட்லியோடு ஊரறிய இன்னொரு முறை கல்யாணம் நடக்கப்போகும் நாளில் பீட்டர் வருகிறான், அப்பா காசோலைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவன் கேட்பது 39 டாலர் 60 சென்ட். பட்டியலை நீட்டுகிறான். விற்ற உள்ளாடையையும் காலுறையையும் கணக்கில் சேர்க்கவில்லை, அது என் பங்கு என்கிறான்.

அப்பா பெரும் பணக்காரர், மனிதர்களை எடைபோட்டே சம்பாதித்தவர். 10,000 டாலர் வேண்டாமா என்கிறார். வேண்டாம், எனக்குச் சேர வேண்டியது மட்டும் போதும், இது கொள்கை விஷயம் என்கிறான். அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிடுகிறது. என் மகளை விரும்புகிறாயா என்று கேட்கிறார். அவன் சுற்றி வளைத்துத் திட்டுகிறான். திரும்பக் கேட்கிறார். மூன்றாவது தடவை கேட்டதும், ஆமாம் என்று கத்திவிட்டு வெளியேறுகிறான்.

அவன் ஏன் ஒன்றுமே கேட்காமல் இருந்திருக்கக் கூடாது என்று என் மகன் கேட்டான். நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். எண்பதுகளில் ஒரு கிராமக் கிளையில் நான் கேஷில் இருந்தேன். ஒரு மாலை 500 ரூபாய் குறைந்தது. கேஷியர் கையிலிருந்து கட்ட வேண்டிய பணம், என் சம்பளத்தில் அது பெரிய தொகை. மறுநாள் காலை ஷட்டரைத் திறக்கும்போது ஒரு பால்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நேற்று நீங்கள் கொடுத்த கட்டில் ஐந்து நூறு ரூபாய் அதிகம் சார் என்று நீட்டினார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இருபது ரூபாய் எடுத்து அவர் பையில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, வரப் போக பஸ் சார்ஜ் நாலு ரூபாய் ஆச்சு, அது மட்டும் குடுங்க, அது உங்க தப்பாலே ஆன செலவுதானே என்றார். வாங்கி, எண்ணி, முடிந்துகொண்டு போனார். வேண்டாம் என்று போயிருந்தால் நான் அவருக்குக் கடன்பட்டவனாக இருந்திருப்பேன். இருபதை வாங்கியிருந்தால் அவர் நேர்மைக்கு நான் விலை கொடுத்ததாக ஆகியிருக்கும். நாலு ரூபாயில் இருவரும் நேர்.

பீட்டரும் அப்படித்தான். பத்தாயிரம் வாங்கியிருந்தால் அந்த நான்கு நாளும் ஒரு வேலையாகிவிடும். ஒன்றும் வாங்காவிட்டால் தியாகியாகிவிடுவான், அதற்கும் அவன் ரோஷம் இடம் தராது. அன்றைய மாற்று விகிதத்தில் 39 டாலர் 60 நம் பணத்துக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அதை மட்டும் கேட்டதால் மற்றதெல்லாம் கணக்கில் வராத விஷயம் என்றாகிவிட்டது.

நான்காவது தொகை 1,00,000 டாலர். மணமேடைக்கு அழைத்துப் போகும்போதே அப்பா மகளின் காதில் நடந்ததைச் சொல்கிறார். பின்வாசலில் கார் நிற்கிறது என்றும் சொல்கிறார். அவள் வெள்ளை உடை புரள ஓடுகிறாள். வெஸ்ட்லி எதிர்ப்பில்லாமல் விலகிக்கொள்ள வாங்கிய தொகை அந்த ஒரு லட்சம். படம் இரண்டு மாப்பிள்ளைகளின் பில்லையும் அடுத்தடுத்து வைக்கிறது, விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ரத்துக் காகிதம் வந்துசேரும் வரை கம்பளி தொங்கிக்கொண்டே இருக்கிறது. கடைசிக் காட்சியில் காதலர்கள் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. பொம்மை எக்காளம் ஒலிக்கிறது, கம்பளி தரையில் விழுகிறது, விடுதியின் விளக்கு அணைகிறது.

முதல் வாரங்களில் விமர்சகர்கள் பெரிதாக ஆரவாரம் செய்யவில்லை. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் ஒரு வாரம்தான் ஓடியது. சின்ன ஊர்க் கொட்டகைகளுக்குப் போன பிறகு, பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லி ஓட்டினார்கள். 1935 பிப்ரவரி 27 ஆஸ்கார் விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்தும் இதற்கே. கிடைக்காது என்ற நிச்சயத்தில் கோல்பெர்ட் ஊருக்குப் போக ரயிலடிக்குப் போய்விட்டார். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள், பயண உடையிலேயே மேடை ஏறினார். அந்த ஐந்தும் ஒரே படத்துக்கு மறுபடி கிடைக்க 1975-ஆம் ஆண்டுப் படம் ஒன்று வரவேண்டியிருந்தது. கேபிளுக்குக் கிடைத்த சிலையை 1996-இல் ஏலத்தில் 6,07,500 டாலருக்கு எடுத்து அகாடமிக்கே திருப்பிக் கொடுத்தார் ஸ்பீல்பெர்க்.

நமக்கும் இந்தக் கதை அந்நியம் இல்லை. நம் வடபழனி ஏ.வி.எம். நிறுவனம் 1956-இல் எடுத்த இந்திப் படம் 'சோரி சோரி', இதே கதைதான். ராஜ்கபூர், நர்கிஸ், சங்கர் ஜெய்கிஷன் இசை. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுகள் ரேடியோவில் வராத வாரம் இல்லை. 1991-இல் ஆமிர்கான் நடித்த 'தில் ஹை கி மான்தா நஹீ'யும் இதன் பேரப்பிள்ளை. எம்.ஜி.ஆர். பத்திரிகையாளராக வரும் 'சந்திரோதயம்' படத்திலும் இதன் சாயல் உண்டு.

படம் கருப்பு வெள்ளை, ஒன்றே முக்கால் மணி நேரம். ஆங்கிலம் வேகமாகத்தான் ஓடும், எழுத்து போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு சந்தேகம் தீர்த்து வையுங்கள். அப்பா அந்த 39 டாலர் 60-க்குக் காசோலை எழுதிக் கொடுக்கிறார், பீட்டரும் வாங்கிக்கொள்கிறான். அதை அவன் மாற்றினானா இல்லையா என்று படம் கடைசி வரை சொல்லவில்லை. மாற்றியிருப்பான் என்பது என் கட்சி. மாற்றியிருக்க மாட்டான், சட்டைப் பையிலேயே வைத்திருப்பான் என்பது என் மனைவியின் கட்சி. எங்கள் வீட்டில் அது இன்னும் சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் இருக்கிறது.